கண்மணிச் செவ்வொளிச் சோதனை

கண்மணிச் செவ்வொளிச் சோதனை என்பது பச்சிளங்குழந்தையின் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் நிறத்தைப் பார்த்துக் கண்ணின் நலத்தை அறியும் எளிய பரிசோதனை ஆகும். மருத்துவமனைகளில் இதனை ரெட் ரிஃப்ளெக்ஸ் சோதனை என்பர். ரிஃப்ளெக்ஸ் என்பதற்கு அனிச்சைச் செயல் என்ற பொருளும் உண்டு. இங்கு அது கண்ணின் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியையே குறிக்கிறது.

வரலாறு

சென்னை எழும்பூரில் இன்றும் இயங்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் பார்க்க உலகில் எந்த மருத்துவராலும் இயலவில்லை. கண்மணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்பதே விளங்காதிருந்தது. உள்ளே புகும் ஒளி முழுவதும் உறிஞ்சப்படுகிறது என்று பலர் எண்ணினர்.

உண்மையில் ஒளியின் ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது. அதைக் காண ஒளி புறப்படும் இடத்தில் தலையை வைக்க வேண்டும். வைத்தால் தலையே ஒளியை மறைத்துவிடும். 1846-ல் லண்டனில் வில்லியம் கம்மிங்கும், 1847-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் புரூக்கேயும் கண்மணியை ஒளிரச் செய்து காட்டினர். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் கண்ணாடித் தகடுகளைக் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்து, மறு ஆண்டில் கண் உள்நோக்கியை நூலாக விளக்கினார். 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் புரூக்னர் இரு கண்களிலும் ஒரே நேரத்தில் ஒளியைப் பாய்ச்சி ஒப்பிடும் முறையை விவரித்தார். 2002-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பிறந்த குழந்தைகளுக்கு இச்சோதனையைச் செய்யுமாறு கொள்கை அறிக்கை வெளியிட்டு, 2008-ல் அதைப் புதுப்பித்தது.

செய்யும் முறையும் விடைகளும்

அறையின் வெளிச்சத்தைக் குறைத்து, தாயின் மடியில் குழந்தை விழித்திருக்கும்போது, ஏறத்தாழ 45 செ.மீ. தொலைவிலிருந்து உள்நோக்கி வழியே இரு கண்களையும் பார்ப்பர். வலி கிடையாது, சில நொடிகளில் முடிந்துவிடும்.

இரு கண்களும் ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் ஒளிர்ந்தால் விழிவில்லையும் அதன் பின்னுள்ள பாதையும் தெளிவாக உள்ளன என்று பொருள். "செவ்வொளி" என்ற பெயர் நம் ஊரில் சற்றே ஏமாற்றும். நிறமி மிகுந்த கண்களில் இவ்வொளி ஆரஞ்சாகவோ மங்கிய பழுப்பாகவோ தெரிவது இயல்பு. ஆகவே நிறத்தைவிட இரு கண்களும் ஒத்திருப்பதே முதன்மையான அளவுகோல்.

வெண்ணிறம் தெரிந்தால் பிறவிக் கண்புரையோ, விழித்திரைப் புற்றோ, வேறு விழித்திரை நோயோ காரணமாகலாம். கரும்புள்ளி தெரிந்தால் வில்லையில் மங்கல் இருக்கலாம். கண் சிமிட்டியதும் மறைந்தால் அது வெறும் பீளை. ஒரு கண் மட்டும் கூடுதலாக ஒளிர்ந்தால் மாறுகண்ணோ, இரு கண்களின் பார்வைத் திறனில் வேறுபாடோ இருக்கக்கூடும். ஒளியே திரும்பாவிட்டால் அடர்ந்த புரையோ உள் இரத்தக்கசிவோ இருக்கலாம்.

இவ்விடைகளில் எதுவும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை மட்டுமே சொல்கின்றன. அதேபோல் நல்ல விடையும் முழு உறுதி ஆகாது. விழித்திரையின் ஓரத்திலுள்ள சிறு கட்டி தப்பிவிடலாம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயை அதன் தொடக்கத்தில் இச்சோதனை காட்டாது. அவர்களுக்குப் பிறந்த ஒரு மாதத்துக்குள் தனி விழித்திரைப் பரிசோதனை தேவை.

காலம் ஏன் முக்கியம்

ஹூபலும் வீசலும் பூனைக்குட்டிகளில் செய்த ஆய்வுகள், இளம் பருவத்தில் ஒளி மறைக்கப்பட்ட கண்ணுக்கு மூளை பார்க்கக் கற்பதில்லை என்று காட்டின. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனவேதான் ஒரு கண்ணில் அடர்ந்த பிறவிப் புரை இருந்தால் முதல் ஆறு வாரங்களுக்குள் அறுவை செய்ய முயல்வர். பிறகு புரையை அகற்றினாலும் பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது. விழித்திரைப் புற்றில் பார்வையோடு உயிரும் பணயம். பார்வை நரம்பு வழியே அது மூளைக்குப் பரவக்கூடும்.

பூனைக்கண் அழகு என்று நாம் சொல்கிறோம். வியன்னாவின் கண் மருத்துவர் கேயோர்க் பீர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பார்வையற்ற பூனைக்கண் என்ற பெயரை நோயின் அடையாளமாகப் பயன்படுத்தினார். கைப்பேசிப் படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெண்மையாகத் தெரிவதை அழகென்றோ, கண்ணில் பூ விழுந்தது, தானே சரியாகும் என்றோ விட்டுவிடும் நாட்களே இழப்பாகின்றன. ஓரப்பார்வையில் எடுத்த படத்தில் நலமான கண்ணும் அவ்வாறு தெரிவதுண்டு. அதையும் மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

தமிழ்நாட்டில்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 366 குழந்தைகளிடம் நடத்தி 1996-ல் வெளியான ஆய்வில், புரையுள்ள ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குக் கருவிலேயே தொற்றிய ரூபெல்லா காரணமெனத் தெரிந்தது. ரூபெல்லாவுக்கும் பிறவிப் புரைக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக் 1941-லேயே கண்டறிந்திருந்தார். தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிப் புரையையும் குறைமாத விழித்திரை நோயையும் கண்டறிய வேண்டிய 30 குறைபாடுகளில் சேர்த்தது. ஒன்றியந்தோறும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்வது அதன் ஏற்பாடு. நாமக்கல் மாவட்டத்தின் மல்லசமுத்திரம் போன்ற ஒன்றியங்களுக்கும் இதுவே பொருந்தும். ஆனால் அங்கன்வாடிக்கு வரும் வயதில் பிறவிப் புரைக்கான முதல் ஆறு வாரங்கள் என்றோ கடந்திருக்கும். எனவே பிரசவம் நடந்த இடத்திலேயே, தாய் வீடு திரும்பும் முன் இரு கண்களையும் பார்த்துவிடுவதுதான் இச்சோதனையின் முழுப்பயன். குடும்பத்தில் எவருக்கேனும் சிறுவயதில் புரையோ விழித்திரைப் புற்றோ இருந்திருந்தால், விடை நன்றாக இருந்தாலும் குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.