பழைய ஆட்டம், புதிய சிப் – 6: பிழை எண் 200

வேகத்தைக் குறைப்பதற்கென்று ஒரு பொத்தான்; அதற்குப் பெயர் ‘டர்போ’! இப்படியொன்றை கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் பதித்தவர்கள் என்ன நினைத்துப் பதித்தார்கள் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

காரணத்தோடுதான் பதித்தார்கள். 1981-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசியின் பிராசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அன்று கேம் எழுதியவர்கள் பலர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. எதிரி ஓர் அடி வைத்ததும் பிராசஸரை இத்தனை ஆயிரம் முறை சும்மா எண்ண விடு, பிறகு அடுத்த அடி. எல்லா மெஷினும் ஒரே வேகத்தில் ஓடியவரை கணக்கு தப்பவில்லை. 386, 486 என்று வந்ததும் அந்த எண்ணிக்கை நொடியில் தீர்ந்தது. ஆட்டம் தொடங்கிய கையோடு ஆள் காலி. பழைய கேமுக்காக மெஷினைத் தளர விடத்தான் அந்தப் பொத்தான். முகப்பில் 66, 33 என்று மின்னிய எண்களைப் பார்த்து வாய்பிளந்தவர்களுக்கு ஒரு தகவல்: அவை எதையும் அளந்து காட்டவில்லை. உள்ளே ஜம்பர் செருகி வைத்தபடி எரிந்தன, அவ்வளவுதான்.

பென்டியம் காலத்தில் பொத்தான் ஒழிந்தது. நோய் ஒழியவில்லை.

போர்லாண்ட் நிறுவனத்தின் புரோகிராம் எழுதும் கருவியான டர்போ பாஸ்கலை உருவாக்கியவர்கள் விவரமானவர்கள். மெஷினுக்கு மெஷின் வேகம் மாறும் என்று தெரிந்து, அதில் எழுதிய புரோகிராம் தொடங்கும்போதே அதை அளந்துகொள்ள ஏற்பாடு செய்தார்கள். கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு 55 மில்லி செகண்ட். அதற்குள் எத்தனை சுற்று எண்ண முடிகிறதோ அதை 55-ஆல் வகுத்தால், ஒரு மில்லி செகண்டின் கணக்கு கிடைத்துவிடும். அந்த விடைக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. எந்த பிராசஸர் அதைத் தாண்டப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

90-களின் பிற்பகுதியில், 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போன பிராசஸர்கள் தாண்டின. வகுத்த விடை இடத்தில் அடங்காவிட்டாலும் சரி, பூஜ்யத்தால் வகுத்தாலும் சரி, இன்டெல் பிராசஸர் எழுப்புவது ஒரே கூச்சல்தான். ‘ரன்டைம் எரர் 200: பூஜ்யத்தால் வகுத்தல்’ என்றது திரை. பூஜ்யம் எங்கே என்று தேடியவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். கணக்கில் பூஜ்யமே இல்லை. மெகாஹெர்ட்ஸும் 200, பிழை எண்ணும் 200 என்பது வெறும் தற்செயல்.

பழைய கேம் புதிய மெஷினோடு மோதிய இன்னோர் இடம், புதுக்கோட்டை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர் பக்கத்துப் பிள்ளைகள் கைக்கும் எல்காட் லேப்டாப் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். சென்னைக்கு வெளியே கரண்ட் இருக்கும் நேரத்தை விட இல்லாத நேரம் அதிகமாக இருந்த காலம் அது. பேட்டரி தாங்கும்வரை ஆட்டம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய ‘டேஞ்சரஸ் டேவ்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ கேம்களை பென் டிரைவில் கொண்டுவந்து போட்டார்கள்.

ஓடவில்லை. டேவ், ஜான் ரோமெரோ எழுதி 1990-இல் டாஸுக்கு வந்த கேம். விண்டோஸ் 7-இல் டாஸ் புரோகிராம் முழுத்திரைக்குப் போக முயன்றாலே, ‘இந்த சிஸ்டத்தில் முழுத்திரை கிடையாது’ என்று ஒரு பெட்டி எழும். 64 பிட் விண்டோஸ் என்றால் இன்னும் கறார். 16 பிட் புரோகிராமை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பாடமும் அதே வாசலில் நின்றது. கல்லூரி லேப்களில் சி++ பழகியது டர்போ சி++-இன் நீலத் திரையில். அதுவும் போர்லாண்டின் 90-களின் தொடக்கத்துச் சரக்கு, 16 பிட் டாஸ் புரோகிராம்.

காப்பாற்றியது டாஸ்பாக்ஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் ஃபீன்ஸ்ட்ராவும் ஷூர்ட் வான் டெர் பெர்க்கும் பழைய கேம்களை ஆடுவதற்காக 2002-இல் வெளியிட்டது. புதிய பிராசஸருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கற்பனையாக உருவாக்கி, கேமை அதற்குள் உட்காரவைக்கிறது. ஜன்னலின் தலைப்பட்டையில் ‘3000 சைக்கிள்ஸ்’ என்று இருக்கும்: மில்லி செகண்டுக்கு 3000 கட்டளைகள்தான் அனுமதி. டேவ் நொண்டினால் கன்ட்ரோலோடு எஃப்12, பாய்ந்தால் எஃப்11. டர்போ பொத்தான் கீபோர்டுக்கு வந்துவிட்டது. எரர் 200-க்கும் இதுவே மருந்து.

டர்போ சி++-ஐ டாஸ்பாக்ஸோடு கட்டி ஒரே இன்ஸ்டாலராக யாரோ ஆக்கிவிட, அதுவும் பென் டிரைவ் பென் டிரைவாகப் பரவியது. விளையாட்டுக்குச் செய்த கருவி தமிழ்நாட்டில் பாடம் நடத்தியது! ரெக்கார்டு நோட்டுக்கு எழுதிய புரோகிராமுக்கும் டேவுக்கும் இடையே ஒரே ஒரு கட்டளைதான் தூரம். நீலத் திரை தெரிந்தால் படிக்கிறான் என்று நம்பிய அப்பாக்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எல்லாம் தீர்ந்தது என்றுதான் உலகமே நினைத்தது. 2021 நவம்பரில் இன்டெலின் 12-ஆம் தலைமுறை வந்தது. ஒரே சிப்பில் பெரிய கோர்கள் சில, சிறிய கோர்கள் சில. சுமார் 50 கேம்கள் முரண்டு பிடித்தன. நாள்பட்டவையும் உண்டு, வந்து ஓராண்டே ஆனவையும் உண்டு. திருட்டுக் காப்பியைத் தடுக்கக் கேமுக்குள் வைத்த பூட்டு, பெரிய கோரையும் சிறிய கோரையும் பார்த்துவிட்டு, ‘இவை இரண்டு வெவ்வேறு கம்ப்யூட்டர்கள்’ என்று முடிவு கட்டியிருந்தது. வேகத்தைக் குறைத்துப் பயனில்லை.

மதர்போர்டு நிறுவனங்கள் கொடுத்த உடனடி வைத்தியம் இதுதான்: பயாஸில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டு, கீபோர்டில் ஒரே ஒரு விசையை அழுத்துங்கள். பல வருடங்களாக நம்மில் யாருமே தொட்டிராத விசை.

எது அது?

(தொடரும்)