பாட்டுத் தேர்வே விமரிசனமாக: செசில் மெக்லோரின் சால்வான்டின் ஆல்பங்கள்

ஜாஸ் பாடகியைப் பற்றி எழுத வருபவர்கள் முதலில் தொண்டையைத்தான் கவனிக்கிறார்கள். குரல் எவ்வளவு கீழே இறங்குகிறது, தாளத்துக்கு எவ்வளவு பின்தங்கி வரியை எடுக்கிறார், சொல்லை விட்டு வெறும் அசைகளில் எவ்வளவு நேரம் கற்பனை செய்கிறார் என்பவையே பேச்சாக இருக்கின்றன. லூயி ஆம்ஸ்ட்ராங் 1926-இல் 'ஹீபி ஜீபீஸ்' பதிவில் அசைகளைக் கொட்டியதிலிருந்து இந்த அளவுகோல் நிலைபெற்றுவிட்டது. அதைத் தவறென்று தள்ள எனக்கு எண்ணமில்லை. ஆனால் சமகால ஜாஸ் குரலிசை ஆல்பங்களில் தலையாயவற்றை அதை மட்டும் கொண்டு அளந்தால் பாதிதான் பிடிபடும். எந்தப் பாட்டை எடுப்பது, எதை எதன் பக்கத்தில் வைப்பது, உறுத்தும் சொல்லைக்கூட ஏன் மாற்றாமல் பாடுவது என்ற முடிவுகளில்தான் பாடகியின் சிந்தனை முதலில் தெரியவருகிறது. செசில் மெக்லோரின் சால்வான்டின் ஆல்பங்களை முன்வைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

பாட்டைத் தேர்ந்தெடுக்காத பாடகர் உண்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் தேர்வுக்குப் பின்னிருந்த நோக்கம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1956-இல் நார்மன் கிரான்ஸ், தாம் அப்போது தொடங்கிய வெர்வ் நிறுவனத்துக்காக, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைக் கோல் போர்ட்டரின் 32 பாடல்களைப் பாடவைத்து இரட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். எலிங்டன், கெர்ஷ்வின் என்று தொகுப்புகள் தொடர்ந்தன. பிராட்வே நாடகங்களிலும் திரைப்படங்களிலும் சிதறிக்கிடந்த பாடல்கள் 'ஸ்டாண்டர்ட்' என்னும் தகுதி பெற்று உறுதிப்பட்டதில் அந்தத் தட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஜாஸ் குரலிசையின் செவ்வியல் தொகுதி என்று நாம் இன்று நம்புவது, பெருமளவுக்கு நெடுந்தட்டு என்ற வணிகப் பண்டத்தின் விளைவு. அதற்கு ஒரு விலையும் இருந்தது. நாடகத்தில் யார் யாரிடம் எந்த நிலைமையில் பாடினார்கள் என்ற செய்தி கழன்றுபோயிற்று. எல்லாவின் குரலில் எல்லாப் பாட்டும் ஒரே வெளிச்சத்தில் மின்னுகின்றன. அந்த அழகை நான் குறைத்து மதிக்கவில்லை. பேசுபவள் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அந்தக் கேள்வியைப் பிடிவாதமாகக் கேட்டவர் ஆபி லிங்கன். 1961-இல் அவர் 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது, தன் இனத்தையே பிழைப்பாக்கிக்கொண்டவர் என்ற பொருள்பட ஐரா கிட்லர் 'டவுன்பீட்' இதழில் மதிப்புரை எழுதினார். அடுத்த ஆண்டு அந்த இதழே இனப் பாகுபாடு குறித்து ஒரு விவாதத்தை நடத்தி அச்சிட வேண்டிவந்தது. ஒரு பாடகி எதைப் பாடுகிறாள் என்பதே வழக்காகிவிடும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அடுத்த திருப்பம் காசாண்ட்ரா வில்சனுடையது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் பிறந்த அவர், 1988-இல் பியானோ மூவர் குழுவுடன் 'ப்ளூ ஸ்கைஸ்' என்ற ஸ்டாண்டர்ட் தொகுப்பைச் செய்து பெயர் வாங்கியவர். 1993-இல், கிரெய்க் ஸ்ட்ரீட்டின் தயாரிப்பில் வந்த 'ப்ளூ லைட் டில் டான்' ஆல்பத்தில் அவர் அந்தப் பியானோவையே நகர்த்திவைத்தார். கிட்டாரும் தாளக் கருவிகளும் முன்னே வந்தன. ராபர்ட் ஜான்சனின் ப்ளூஸும் ஜோனி மிட்செல், வான் மாரிசன் பாடல்களும் ஒரே பந்தியில் அமர்ந்தன. ஜாஸ் பாடகி எந்தப் பாட்டையும் பாடலாம் என்ற உரிமை அன்று எழுதப்பட்டது. சந்தைக்கும் அது வழி திறந்தது. வில்சனின் ஆல்பத்தை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்திலேயே 2002-இல் நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது. மறு ஆண்டு கிராமி மேடையில் அவர் அள்ளிய குரலிசைப் பரிசுகள் பாப் பிரிவிலானவை. வேலி இருந்த இடத்தில் அதன் தடம்கூடத் தெரியாமல் போனது.

வில்சன் ஸ்டாண்டர்டுகளை விட்டு வெளியே போனார். சால்வான்ட் அவற்றுக்கு உள்ளேயே, இன்னும் ஆழமாக இறங்கினார். அந்தத் தொகுதி எதையெல்லாம் கூச்சப்பட்டு ஒதுக்கியதோ அதைத் தேடிப் போனார். 1920களின் ப்ளூஸ் பெண்கள், வாடெவில் மேடையின் கோமாளிப் பாட்டுகள், நாடகத்தோடு ஒட்டியிருப்பதால் ஜாஸ்காரர்கள் தொடாத பிராட்வே பாட்டுகள் எல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன.

அவர் 1989-இல் மயாமியில் பிறந்தார். தந்தை ஹைத்திக்காரர், மருத்துவர், தாய் பிரெஞ்சுக்காரர். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் சட்டம் படிக்கப் போனவர் அங்குள்ள இசைப்பள்ளியில் மேற்கத்திய செவ்வியல் குரலிசையும் கற்றார். ஜாஸுக்குள் அவரைக் கொண்டுவந்தவர் அங்கே ஆசிரியராக இருந்த ஊதுகருவிக் கலைஞர் ழான்-ஃபிரான்சுவா பொனெல். 2010-இல் தெலோனியஸ் மாங்க் பெயரிலான சர்வதேசப் போட்டியில் முதற்பரிசு வென்ற பிறகே அமெரிக்கா அவரை அறிந்தது. அமெரிக்காவின் பழைய பாட்டுகள் பலவும் அவருக்குப் பிரான்சில், பழைய ஒலிப்பதிவுகள் வழியே கிடைத்தன என்பதை இங்கே முக்கியமாகக் கருதுகிறேன். அவற்றில் எதை வெளியில் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்ற உள்ளூர்க் கட்டுப்பாடு அவரை அவ்வளவாகத் தீண்டவில்லை.

2013-இல் வந்த 'வுமன்சைல்ட்' ஆல்பத்தில் 'நோபடி' என்ற பாட்டு இருக்கிறது. அதன் இசை பெர்ட் வில்லியம்ஸுடையது. கறுப்பினத்தவரான அவர், கருக்கிய தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. 1906-இல் இதைத் தட்டில் பதிவுசெய்தார். அதே ஆல்பத்தில், 1935-இல் எக்காளக் கலைஞர் வாலைடா ஸ்னோ பாடிப் பதிந்த 'யூ பிரிங் அவுட் த சாவேஜ் இன் மீ' வருகிறது. காதலன் தன்னுள் உறங்கும் காட்டுமிராண்டியை எழுப்புவதாக ஒரு கறுப்பினப் பெண் பாட வேண்டிய பாட்டு அது. சால்வான்ட் இதன் சொற்களைத் திருத்தவில்லை. உறுமலையும் கிறீச்சிடலையும் தேவைக்கு மேலேயே பெருக்கிப் பாடுகிறார். வாலைடா ஸ்னோவுக்கு இட்ட வேடம் இந்த மிகையில்தான் வேடமாகவே தெரிகிறது. கூச்சம் தரும் பாட்டை மறந்துவிடுவது நாகரிகம் என்று கருதுபவர்கள் உண்டு. மறந்தால் அதைப் பாட நேர்ந்த கலைஞர்களும் சேர்ந்தே மறக்கப்படுவார்கள். இந்த இடத்தில் நான் முழுமனதோடு சால்வான்டின் பக்கம்.

ஆல்ப வரிசை வாதமாகவே மாறுவதற்கு 2015-இன் 'ஃபார் ஒன் டு லவ்' ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் நடுப்பகுதியில் 'வைவ்ஸ் அண்ட் லவர்ஸ்' இருக்கிறது. பர்ட் பேக்கராக், ஹால் டேவிட் இருவரும் ஒரு திரைப்படத்தின் விளம்பரத்துக்காக எழுதியது. 1963-இல் ஜாக் ஜோன்ஸ் பாடிப் புகழ்பெற்றது. மாலையில் கணவன் வீடு திரும்புமுன் தலைவாரி முகம் திருத்தி நில், அலுவலகத்தில் இளம்பெண்கள் இருக்கிறார்கள் என்று மனைவிக்கு அறிவுரை சொல்லும் பாட்டு. மும்மூன்றாகச் சுழலும் அதன் நடையில் ஒரு கிறக்கம் உண்டு. அறிவுரையின் கொடுமை அதில் கரைந்துவிடும். சால்வான்ட் ஒரு சொல்லையும் மாற்றாமல், நக்கலும் சேர்க்காமல் பாடுகிறார்.

தனியாகக் கேட்டால் இனிமையான பாட்டு. வரிசையில் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு பாட்டு முன்னால், ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் 1957-இல் தொலைக்காட்சிக்கென எழுதிய 'சின்ட்ரெல்லா'விலிருந்து மாற்றாந்தாய் மகள்களின் புலம்பல் வருகிறது. எல்லோரும் மறந்துவிட்ட, அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த இரு பெண்கள் பேசுகிறார்கள். அடுத்தது சால்வான்டே எழுதிய 'லுக் அட் மீ'. தன்னைத் தோழியாக மட்டும் பார்ப்பவனிடம் ஒரு பெண் தன்னைப் பார்க்கச் சொல்கிறாள். அதன்பிறகுதான் மனைவிக்கான அறிவுரை. உடனே பின்னால், மறுபடி அவர் எழுதிய 'லெஃப்ட் ஓவர்': தன்னை அறியவே அறியாதவனைக் காதலிப்பவளின் பாட்டு. பார்க்கப்படாத நான்கு பெண்களுக்கு நடுவே, பார்க்கப்படுவதற்காக வாழ்நாள் முழுதும் ஒப்பனை செய்துகொண்டிருக்க வேண்டிய ஐந்தாமவள் நிற்கிறாள். அவளுடைய நிலை அந்த நால்வரின் நிலையைவிட மேலானதல்ல என்பது கேட்பவருக்குத் தானே உறைக்கிறது. இதைப் பாடகி எங்கும் சொல்லவில்லை. அடுக்கியதோடு சரி. அதே தட்டில், 1930களில் ஆண்கள் நிறைந்த வாத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பிளாஞ்ச் காலவேயின் 'குரௌலின் டான்' இருப்பதும் தற்செயலாக இருக்க முடியாது. தம்பி காப் காலவேயின் புகழுக்குக் கீழே பெயர் மங்கிப்போனவர் அவர்.

இவ்வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது 2017-இன் 'ட்ரீம்ஸ் அண்ட் டேகர்ஸ்' ஆல்பத்திலிருந்தே கிடைக்கிறது. இந்த இரட்டை ஆல்பத்தின் பெரும்பகுதி நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கூடத்தில் ஆரன் டீல், பால் சிகிவீ, லாரன்ஸ் லெதர்ஸ் ஆகிய வாத்தியக் கலைஞர்களோடு நேரடியாகப் பதிந்தது. ஜோசஃபின் பேக்கர் 1930களில் பாரிஸ் மேடைக்காகப் பாடிய, தான் வெள்ளைக்காரியாக இருந்தால் என்று கற்பனை செய்யும் 'சி ஜெதே பிளான்ஷ்' இதில் உண்டு. பெஸ்ஸி ஸ்மித்தின் இரட்டைப் பொருள் பாட்டுக்கு மக்கள் சிரிப்பது பதிவில் கேட்கிறது. அந்தச் சிரிப்பு என்னைச் சங்கடப்படுத்துகிறது. ஏற்கெனவே உடன்பாடுள்ள, படித்த கூட்டத்தின் நடுவே பழைய இழிவைப் பாடிக்காட்டுவது பாதுகாப்பான பொழுதுபோக்காகிவிடாதா? ஓரளவு ஆகத்தான் செய்கிறது. ஆனால் சால்வான்ட் அந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறார் என்பதற்கு ஆல்பத்தின் கட்டமைப்பே சாட்சி. கூடத்தின் கலகலப்புக்கு நடுநடுவே, நரம்பிசை நால்வரோடு தனியிடத்தில் பதிந்த அவருடைய சொந்தப் பாட்டுகள் குறுக்கிடுகின்றன. கைதட்டல் அறுபடுகிறது. கேட்பவர் கூட்டத்திலிருந்து பிரிந்து தனித்துவிடப்படுகிறார். பிறகு சிரிப்பு திரும்பி வரும்போது அதில் முன்பிருந்த எளிமை இல்லை.

தேர்வை மட்டுமே நம்பி என் வாதத்தை எல்லை மீறி இழுத்துவிடவும் கூடாது. 2018-இல் சல்லிவன் ஃபோர்ட்னரின் பியானோவோடு இருவராகச் செய்த 'த விண்டோ' அதைத் தடுக்கிறது. ஜிம்மி ரோல்ஸ் இசையமைத்து நார்மா வின்ஸ்டன் சொல்லெழுதிய 'த பீகாக்ஸ்' அதன் கடைசிப் பாட்டு. அங்கே ஃபோர்ட்னர் ஒரு சுரக்கூட்டை எதிர்பாராத பக்கம் திருப்ப, சால்வான்டின் குரல் அந்தக் கணமே தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. மெலிசா அல்டானாவின் சாக்ஸபோனும் வந்து சேர்கிறது. எந்தத் தேர்வுக் கோட்பாடும் இந்தச் செவிக் கூர்மையை விளக்காது. தொண்டையைக் கேட்கும் பழைய அளவுகோல் இங்கேதான் தன் உரிமையைத் திரும்பப் பெறுகிறது.

வேறு பாதைகளும் உள்ளன. 1999-இல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்த சமாரா ஜாய், எக்காளக் கலைஞர் ஃபாட்ஸ் நவாரோ வாசித்த கற்பனைப் பகுதிக்குத் தானே சொல்லெழுதி 2022-இன் 'லிங்கர் அவைல்' ஆல்பத்தில் பாடினார். வாத்தியத்தின் மனோதர்மத்துக்குச் சொல்லேற்றும் இந்த முறை எடி ஜெஃபர்சன், ஜான் ஹென்ட்ரிக்ஸ் வழி வந்தது. எஸ்பெரான்சா ஸ்பால்டிங் பழைய பாட்டுகளைப் பெரும்பாலும் விட்டு, பாட்டால் மனத்துயர் ஆற முடியுமா என்று 'சாங்ரைட்ஸ் அபாதகரி லேப்' ஆல்பத்தில் தேடினார். அந்தத் தேடலில் உடனிருந்தவர்களுள் ஒருவர், தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா. அவருடைய 2018 ஆல்பமான 'ஐக்யம்: ஒன்னு' ஜாஸ் ஸ்டாண்டர்டுகளைத் தமிழில் பாடியது. இத்தனை வேறுபட்ட முயற்சிகளுக்கும் கிராமி வைத்திருப்பது ஒரே 'ஜாஸ் குரலிசை ஆல்பம்' பிரிவு. 2016, 2018, 2019 ஆண்டுகளில் அடுத்தடுத்த மூன்று ஆல்பங்களுக்காகச் சால்வான்ட் அதை வென்றார், 2020-இல் ஸ்பால்டிங், 2023-இல் ஜாய். பட்டியலைப் பார்த்து ஒரு போக்கைக் கண்டுபிடிக்க முயல்பவர்களுக்கு அதில் எதுவும் கிடைக்காது.

நான்சச் நிறுவனத்துக்கு மாறிய பின் சால்வான்டின் தேர்வு, பாட்டு என்ற எல்லையையே தாண்டிவிட்டது. 2022-இன் 'கோஸ்ட் சாங்' ஆல்பத்தில் 'டெட் பாப்லர்' என்ற பாட்டின் சொற்கள், புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபுக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து எடுத்தவை. 2023-இன் 'மெலுசீன்', சனிக்கிழமைதோறும் இடுப்புக்குக் கீழே பாம்பாகும் பெண்ணைப் பற்றிய பிரெஞ்சுத் தொன்மத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. அன்று மட்டும் தன்னைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கணவன் மீறுகிறான், அவள் பறந்துபோய்விடுகிறாள். 'ஃபார் ஒன் டு லவ்' எழுப்பிய பார்வை பற்றிய கேள்வி இங்கே தலைகீழாகிறது. அங்கே பெண்கள் பார்க்கச் சொல்லி ஏங்கினார்கள். இங்கே பார்க்காதே என்பதே கோரிக்கை. 12-ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சின் ஆக்ஸிதான் மொழியில் அல்முக், இசூ என்னும் இரு பெண் கவிகள், தவறிழைத்த ஒருவனை மன்னிப்பதா வேண்டாமா என்று வாதிட்ட பாட்டை அவர் ஹைத்தியின் கிரியோல் மொழியில் பாடுகிறார். பிரான்சிடமிருந்து போராடி 1804-இல் விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய மொழி அது. அந்த மொழியில் மன்னிப்பைப் பற்றிய வாதம், இரு சீமாட்டிகளின் காதல் வழக்கோடு முடிந்துவிடுவதில்லை.

இவை அனைத்தும் ஆல்பம் முழுதாக, அதன் வரிசையில், உறையிலுள்ள குறிப்புகளோடு கேட்கப்படுவதை நம்பியிருக்கின்றன. இன்றைய கேட்டல் பழக்கம் அதற்கு எதிரானது. இணைய இசைச் சேவைகள் பாட்டைத் தனித்தனியாகப் பிய்த்து, மனநிலைக்கேற்ற பட்டியல்களில் செருகுகின்றன; யார் எழுதியது, எந்த ஆண்டில், எந்த நாடகத்துக்கு என்ற குறிப்புகள் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. உணவகத்தில் மெல்லொலியாக வரும் சால்வான்டின் 'வைவ்ஸ் அண்ட் லவர்ஸ்', முன்னே புலம்பும் சகோதரிகளும் பின்னே ஏங்கும் பெண்ணும் இல்லாமல், ஜாக் ஜோன்ஸ் சொன்ன அறிவுரையை அப்படியே திருப்பிச் சொல்கிறது. இந்த ஆல்பங்களை மதிப்பிடுபவர் பாட்டு வரிசையையும் ஒவ்வொரு பாட்டின் பிறப்பையும் தம் மதிப்புரையிலேயே எழுதிவிட வேண்டும். அவை அச்சில் இல்லாவிட்டால், சால்வான்ட் அடுக்கிவைத்த வாதத்தின் முக்கால் பங்கு அடுத்த தலைமுறைக் கேட்பவருக்குப் போய்ச்சேராது.