கலைத்துப் போட்ட எழுத்துகளும் மொழிமுதல் விதியும்

இந்தக் கட்டுரை ஒரு விளையாட்டின் வரலாறு பற்றியது. இடையிடையே நன்னூலும் வரும், பயந்துவிட வேண்டாம்.

ஆங்கில எழுத்துக் கட்டைகளை வைத்து ஆடும் ஸ்கிராபிள் விளையாட்டின் உலகப் போட்டி 2003-இல் நம் கோலாலம்பூரில் நடந்தது. வென்றவர் தாய்லாந்து இளைஞர் பானுபொல் சுஜ்ஜயகோர்ன். நான்கு ஆண்டு கழித்து 2007-இல் மும்பையில் இறுதிச் சுற்று. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மலேசியரான கணேஷ் ஆசீர்வாதமும், 2000 முதல் மலேசியாவில் வசித்துவரும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸும். ரிச்சர்ட்ஸ் வென்றார், கணேஷுக்கு இரண்டாம் இடம். அந்தப் பெயரைச் செய்தியில் பார்த்தபோது நம்மில் பலருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

அதே ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு மொழிப் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சொற்பட்டியலை மட்டும் சில வாரங்களில் மனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்து காட்டினார். மொழி ஆசிரியருக்கு இது சற்று உறுத்தும் செய்தி. பொருள் தெரியாமலே சொல்லாட்டத்தில் வெல்ல முடியுமென்றால், வகுப்பில் இதை ஆடவைத்து என்ன பயன்?

பதில் தேட, இந்த ஆட்டம் பிறந்த கதைக்குப் போகலாம். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நியூயார்க்கில் வேலை இழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர்தான் இதை உருவாக்கினார். எந்த எழுத்துக்கு எத்தனை கட்டை, எத்தனை புள்ளி என்று அவர் குத்துமதிப்பாக முடிவு செய்யவில்லை. நாளிதழின் முதல் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணினார். அதனால்தான் 100 கட்டைகளில் 'ஈ' எழுத்து 12, அரிதான 'க்யூ' ஒன்றே ஒன்று. 'எஸ்' மட்டும் வேண்டுமென்றே 4. எந்தச் சொல்லின் பின்னாலும் 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம், ஆட்டம் ரொம்ப எளிதாகிவிடும் என்பது அவர் கணக்கு. 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் விதிகளைச் சீராக்கி இப்போதைய பெயரில் பதிவு செய்தார்.

ஆக, பட்ஸ் எண்ணியது ஒரு மொழியில் எழுத்துகள் புழங்கும் முறையை. ரிச்சர்ட்ஸ் மனப்பாடம் செய்ததும் அதன் விளைவைத்தான். ஓர் எழுத்து எங்கே வரும், எதன் பக்கத்தில் வரும் என்ற கேள்விக்குத் தமிழில் இலக்கணமே பதில் வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மொழிமரபும் நூன்மரபும், பிறகு பவணந்தியாரின் நன்னூல் எழுத்தியலும் பேசுவது இதைத்தான். மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று தேர்வுக்கு நெட்டுருப் போட்டு, மறுவாரம் மறந்துபோகும் அதே பாடம்.

முதலில் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். தமிழில் ஒரு கட்டை என்பது எது? 247 எழுத்துக்கும் தனிக்கட்டை செய்தால் மூட்டை கட்டித் தூக்க வேண்டியதுதான். 'ஙௌ' கட்டையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? சித்திரகவி பாடிய புலவர்கள் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகத்தான் எண்ணினார்கள். மாலைமாற்று என்னும் வகை, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கப்படுவது. தண்டியலங்காரம் இதை இலக்கணத்தோடு சொல்கிறது. 'விகடகவி' என்ற சொல்லும் அப்படித்தான் இயங்குகிறது: வி, க, ட, க, வி. ஆனால் அதையே வ்+இ+க்+அ என்று பிரித்துப் பின்னாலிருந்து படித்தால் 'இவ்' என்று தொடங்கி எங்கோ போய்விடும்.

தொல்காப்பியர் தொடங்குவது உயிர் 12, மெய் 18, ஆக 30 எழுத்தில். கட்டை ஆட்டத்துக்கு இந்த 30தான் சரி என்பது என் கருத்து. 'கா' வைத்தவன் பக்கத்தில் 'ல்' வைத்தால் 'கால்', அதன்மேல் 'அ', 'ம்' வைத்தால் 'காலம்'. எந்தக் கட்டையையும் எடுத்து மாற்ற வேண்டியதில்லை. உயிர்மெய்க் கட்டையாக இருந்தால் 'ல்' போய் 'ல' வர வேண்டும்.

இப்போது விதி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்க. கையில் ம், அ, க், அ, ள் என்ற ஐந்து கட்டை. இவற்றை 60 வகையாக அடுக்கலாம். தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு உயிர் அடுத்தடுத்து நிற்காது, தமிழ்ச்சொல் இரண்டு மெய்யோடு தொடங்குவதும் இல்லை. எனவே மெய், உயிர், மெய், உயிர், மெய் என்று வைத்துப் பார்ப்போம். ஆறே வழி: மகள், மளக், கமள், களம், ளமக், ளகம். ளகரம் மொழிக்கு முதலில் வராது, இரண்டு போயிற்று. வல்லின மெய் மொழிக்கு இறுதியில் நிற்காது, மளக்கும் போயிற்று. மிச்சம் மூன்று. அதில் இரண்டு நல்ல தமிழ்ச் சொல். அகராதியைத் திறக்கவே இல்லை.

மொழிமுதல் விதியிலேயே ஒரு வரலாறும் ஒளிந்திருக்கிறது. ச, சை, சௌ ஆகிய மூன்றும் சொல்லின் முதலில் வராது என்று தொல்காப்பியர் விலக்கினார். நன்னூல் காலத்தில் அந்தத் தடை இல்லை. இன்று சட்டை, சந்தை, சங்கு இல்லாமல் நாம் ஒரு நாள் பேச முடியுமா? மொழி நகர்ந்தது, இலக்கணமும் பின்னாலேயே நகர்ந்தது. ரகரமும் லகரமும் முதலில் வராது என்பதால்தான் சிலர் இன்றும் 'இரப்பர்', 'இலண்டன்' என்று எழுதுகிறோம். ஆனால் 'இரொட்டி சானாய்' என்று எந்தக் கடையிலாவது கேட்டுப் பாருங்கள்! பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலோ மாணவர்களை நடக்கவிட்டு, மொழிமுதல் விதியை மீறும் பெயர்ப்பலகைச் சொற்களைக் குறித்து வரச் சொல்லலாம். நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும். இந்தச் சொற்களை ஆட்டத்தில் ஏற்பதா வேண்டாமா என்பதை ஆட்டம் தொடங்கும்முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் பேசினால் சண்டைதான்.

மெய்ம்மயக்கம் இன்னும் கூர்மையான ஆயுதம். க், ச், த், ப் நான்கும் தன்னோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. 'பக்தி', 'சக்தி' எல்லாம் வடமொழி வரவு. ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்காது. ட், ற் இரண்டும் தன்னோடு சேரும், அதற்கு மேல் க, ச, ப மட்டுமே வரும்: கட்சி, நட்பு, முயற்சி, கற்பு. கையில் 'ங்' வந்தால் உடனே 'க்' இருக்கிறதா என்று பாருங்கள். ண்-ட, ந்-த, ன்-ற என்ற இணைகள் மனத்தில் பதிந்துவிட்டால் 'கண்று' என்று கட்டுரையில் எழுதும் பிழை தானாகவே குறையும். தேர்வுத்தாளில் மதிப்பெண் கரைவது இந்த இடத்தில்தான் என்பது திருத்துகிற ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பட்ஸுக்கு 'எஸ்' கொடுத்த தலைவலி தமிழில் பல மடங்கு. 'கள்' ஒன்றா? ஐ, ஆல், கு, இன், இடமிருந்து என்று வேற்றுமை உருபுகளை ஒட்டிக்கொண்டே போனால் பலகையின் விளிம்பில்தான் நிற்கும். அகராதியில் தலைச்சொல்லாக இருப்பதை மட்டும் ஏற்பது ஒரு வழி. படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு நான் வேறு வழி சொல்வேன்: இரண்டு சொல்லைச் சேர்க்க அனுமதியுங்கள், ஆனால் புணர்ச்சி விதிப்படி கட்டை செலவாகட்டும். 'மணி'யோடு 'அடி' சேர வேண்டுமா, 'ய்' கட்டை ஒன்றை நடுவில் போடு, மணியடி. 'மரம்' உடன் 'வேர்' சேர்ந்தால் 'ம்' கட்டை கைக்குத் திரும்பி வரும், மரவேர். தோன்றல், கெடுதல் என்றால் என்னவென்று பிறகு விளக்கத் தேவையிருக்காது.

பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்துக்காகச் செய்த எழுத்துக் கலைப்பான் செயலியில் தமிழைப் போட்டால் காலும் கொம்பும் தனியே மிதக்கும். யூனிகோடில் 'மா' என்பது 'ம' ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடாகச் சேமிக்கப்படுகிறது, செயலி அவற்றைப் பிரித்துப் போட்டுவிடுகிறது. கையால் கலைப்பதே நல்லது.

அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். பொருள் தெரியாமல் வெல்வதைத் தடுக்க ஒரே ஒரு வகுப்பு விதி போதும்: வைத்த சொல்லை வாக்கியத்தில் அமைத்துச் சொன்னால்தான் புள்ளி. ரிச்சர்ட்ஸே வந்தாலும் நம் வகுப்பில் திணறத்தான் செய்வார்.

கட்டை செய்ய மணிலா அட்டை போதும். எந்த எழுத்துக்கு எத்தனை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மக்கள் ஓசையோ மலேசிய நண்பனோ, ஒரு முதல் பக்கத்தைக் குழுவுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, உயிர்மெய்யை உயிரும் மெய்யுமாகப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். அகரம் முந்தும், ஔகாரம் தேடினாலும் கிடைக்காது. எண்ணி முடித்த கையோடு கரும்பலகையில் இந்த ஐந்தை எழுதுங்கள்: ன், அ, ம், அ, க். மெய்யில் தொடங்கி மெய்யில் முடியும் இரண்டு சொல் இருக்கிறது. மூன்று நிமிடம் கொடுங்கள்.