பெற்றோரின் பணியும் பிள்ளைகளின் மனமும்

பெற்றோர் செய்யும் தொழில் பிள்ளைகளின் உளவளர்ச்சியில் எவ்வாறு பிரதிபலிக்கின்றது? இக்கேள்வியை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் கோன். இத்தாலியின் டூரின் நகரிலும், 1964 இல் அமெரிக்கா முழுவதும் சுமார் 3,100 ஆண்களிடமும் திரட்டிய தகவல்களைக் கொண்டு அவர் எழுதிய நூல் 1969 இல் வெளியானது.

வருமானத்தை விட, பணியிடத்தில் ஒருவருக்குள்ள சுதந்திரமே முக்கியமானது என்பது அவரது முடிவு. கடும் கண்காணிப்பின் கீழ் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் தந்தையர், பிள்ளைகளிடம் கீழ்ப்படிதலையே அதிகம் எதிர்பார்த்தனர். சிக்கலான பணிகளில் சுயமாக முடிவெடுப்போரோ தற்சிந்தனையையும் பொறுப்புணர்வையும் மதித்தனர். அப்போது சோஷலிச நாடாக இருந்த போலந்தில் 1978 இல் நடத்தப்பட்ட ஆய்விலும் இதே போக்கு காணப்பட்டது.

எனினும், தொழில் மட்டுமே பிள்ளையின் மனதைத் தீர்மானிப்பதில்லை. பெற்றோரின் கல்விக்கும் பெரும் பங்குண்டு என்பதைக் கோனின் ஆய்வே காட்டுகின்றது. தந்தையரையே பெரிதும் மையப்படுத்தியது அதன் குறைபாடாகும்.

தாயகத்தில் ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்து, புலம்பெயர்ந்த நாட்டில் தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் உழைக்க நேர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு இது அந்நியமான விடயமல்ல. மேற்பார்வையாளர் முன் மௌனம் காப்பது தந்தையின் வேலையைக் காப்பாற்றலாம். ஆனால், வகுப்பறையில் கேள்வி கேட்டு வளரவேண்டிய மகளிடமும் அதே மௌனத்தை வீட்டில் வற்புறுத்துகின்றோமா என்பதே பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.