யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஈமநிலங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இறந்தோரைப் புதைத்தும் எரித்தும் வந்த நிலங்களின் வரலாறு கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் தொடங்குகிறது. குடாநாட்டில் எரித்தலே பெருவழக்காதலால் பெயர் பொறித்த கல் குறைவு. அறியக் கிடைப்பவை பெரும்பாலும் புதைக்கப்பட்டோரைப் பற்றியவை.

வகைகள்

இவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்: பெருங்கற்காலப் புதைகுழிகள், சைவர்களின் சுடலைகள், துறவியரின் சமாதிகள், கிறித்தவச் சேமக்காலைகளும் முசுலிம்களின் மையவாடிகளும், போர்க்காலத் துயிலும் இல்லங்கள். சைவரிடையேயும் சிறு குழந்தைகளைப் புதைப்பதே வழக்கம். எரித்தபின் காடாற்றி எடுத்த சாம்பல் கடலில் கரைக்கப்படும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலை பெயர்பெற்றது.

பெருங்கற்காலம்

குடாநாட்டின் மிகப் பழைய ஈமநிலங்களுள் சிறந்தது ஆனைக்கோட்டை. 1980இன் இறுதியில் இங்கு மண் எடுத்தபோது மட்பாண்டங்களும் எலும்புகளும் வெளிப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. இந்திரபாலா, பொ. இரகுபதி முதலியோர் அவ்விடத்தை ஆய்ந்தனர். உடலை நீட்டிக் கிடத்திப் புதைத்த இரு குழிகளும், அவற்றைச் சூழ்ந்து கறுப்பு–சிவப்பு மட்கலங்களும் அங்கே காணப்பட்டன. ஒரு குழியில் தலைமாட்டில் கிடைத்த சிறிய வெண்கல முத்திரையே அகழ்வின் தலையாய பேறு. அதன் மேல்வரியில் மூன்று குறியீடுகளும் கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகளும் உள்ளன. எழுத்துகள் ‘கோவேத’ எனப் படிக்கப்பட்டன. முத்திரை கி.மு. 3ஆம் நூற்றாண்டினது என்றும், உடன் புதைக்கப்பட்டவன் குறுநிலத் தலைவன் என்றும் கொள்வர்.

தமிழகத்தின் ஆதிச்சநல்லூரிலும் இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள பொம்பரிப்பிலும் தாழியில் இட்டுப் புதைக்கும் முறை மேலோங்கியது. ஆனைக்கோட்டையில் தாழி இல்லை. மட்கல மரபோ ஒன்றே. கடலின் இரு கரைகளிலும் ஒரே பண்பாடு நிலவியது என்பதற்கு இது வலுவான சான்று. இரகுபதியின் ஆய்வு 1987இல் நூலாக வெளிவந்தது. 2024இல் அதே இடத்தில் மீண்டும் அகழ்வு நடைபெற்றது.

கந்தரோடை பெருங்கற்கால மக்களின் பெருங்குடியிருப்பு. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அங்கு அகழ்ந்தது. அங்குள்ள சிறு தூபிகளை 1917ஆம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் வெளிக்கொணர்ந்தார். நச்சுக் காளான் உண்டு மாண்ட 60 பிக்குகளின் நினைவுக் கட்டடங்கள் அவை என்பது ஊர்க்கதை. பௌத்தம் தமிழரிடையே தழைத்த காலத்தின் எச்சங்களாகவே அவற்றைக் கொள்ளுதல் பொருந்தும்.

ஐரோப்பியர் காலம்

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்தின் தளத்தில் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. 1990ஆம் ஆண்டுப் போரில் ஆலயம் இடிந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரின் கல்லறைகள் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களின் ஆலய வளவுகளில் உள்ளன.

சுடலைகளும் சாதியும்

சுடலைகள் பெரும்பாலும் குடிமனைக்கு அப்பால், வெளியும் பனங்கூடலும் சூழ்ந்த இடங்களில் அமைந்தன. எந்தச் சுடலையில் எவரை எரிப்பது என்பதைச் சாதியே தீர்மானித்தது. 1944இல் யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில் ஒடுக்கப்பட்டோர் தடையை மீறி உடலெரிக்க முயன்றபோது ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தூரில் இச்சிக்கல் வேறு உருவில் தொடர்ந்தது. கிந்துசிட்டி மயானம் குடிமனைகளுக்கு நடுவே அகப்பட்டிருந்தது. அதை அகற்றக் கோரிக் கலைமதிக் கிராம மக்கள் 2017இல் தொடர் போராட்டம் நடத்தினர், பலர் கைதாயினர்.

துயிலும் இல்லம்

புத்தூருக்குத் தெற்கே, கோப்பாயில் 1990களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் மாவீரர் துயிலும் இல்லத்தை அமைத்தனர். எரிக்கும் வழக்கத்தை விட்டு, மதவேறுபாடின்றிப் போராளிகளை வரிசையாகப் புதைத்தது இதன் தனித்தன்மை. உடல் கிடைத்தவருக்குக் கல்லறையும் கிடைக்காதவருக்கு நடுகல்லும் ஒரே அளவில் அமைந்தன. பதவி உயர்வு தாழ்வு காட்டப்படவில்லை. 1995இல் இராணுவம் வலிகாமத்தைக் கைப்பற்றிய பின் இது இடிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்து மீளக் கட்டப்பட்டு, போர் முடிந்தபின் மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டது. 2011இல் அந்நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது.

இன்றைய நிலை

மாவீரர்களுக்கான நவம்பர் 27 அஞ்சலி கோப்பாயில் முகாமுக்கு வெளியே நடைபெறுகிறது. செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் 2025இல் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன.