ஆறு கிளாஸ் பீரும் எங்க ஊர்ப் பனங்கள்ளும்

போன மாசம் பெங்களூர் போயிருந்தேன். அக்கா பையன் அங்கே ஐ.டி.யில் இருக்கிறான். "வா மாமா, ஒரு இடம் காட்டுறேன்"னு, பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் ஒரு கடைக்குக் கூட்டிப் போனான். மரப்பலகையில் ஆறு குழி, ஆறு சின்ன கிளாஸ். வெளிர் மஞ்சளில் லாகர். வாழைப்பழ வாசனையோடு கலங்கலாக ஒரு கோதுமை பீர். பழுப்பாக ஒரு ஏல். நாக்கைக் கசக்க வைக்கும் ஐ.பி.ஏ. (அந்தப் பெயரில் உள்ள 'ஐ' நம்ம இந்தியாதான். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் இங்கே அனுப்பின பீராம்.) வறுத்த பார்லியில் செய்த, டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பான ஸ்டவுட். கடைசியாக ஒரு புளிப்பு பீர்.

முதல் ஐந்தும் எனக்குப் புதுசு. ஆறாவதை ஒரு வாய் குடித்ததும், "டேய், இது நம்ம ஊரு அந்திக் கள்ளுடா" என்றேன். அவன் சிரித்தான். பெல்ஜியத்தில் லாம்பிக் என்று ஒரு பீர் உண்டாம். ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் திறந்த தொட்டியில் விட்டு, காற்றில் இருக்கும் நுண்ணுயிரே புளிக்க வைக்குமாம். அதைப் பின்பற்றித்தான் இதைச் செய்கிறார்களாம். நம்ம பனையில் இது சில மணி நேரத்தில் நடக்கிற வேலை.

1981-லிருந்து 1986 முடிய தமிழ்நாட்டில் கள்ளுக்கடை திறந்திருந்தது. எனக்கு அப்போ இருபது வயசு. மணவூரில் எங்க கழனி வரப்புப் பனைகளில் ஒரு பெரியவர் ஏறுவார். அவர் கள்ளை 'கள்ளு' என்று ஒரே பேரில் சொன்னதே இல்லை. "எந்த மரம், எப்ப இறக்குனது?" அதுதான் முதல் கேள்வி. ஆண்பனைக் கள் வேறு, பெண்பனைக் கள் வேறு. ஆண்பனையில் விரல் விரலாக வரும் பாளையைக் கட்டி, கடிப்பால் நசுக்கி, தினமும் சீவிவிட வேண்டும். பெண்பனையில் காய் பிடிக்கும் முன்னால் பாளையைப் பதப்படுத்த வேண்டும். விடியலில் இறக்கினது இனிப்பும் லேசான நுரையுமாக இருக்கும். சாயங்காலம் அதே கள் புளித்து ஏறும். மறுநாள் காடிதான். ஈச்சமரத்துக் கள் குளிர்காலத்துச் சரக்கு. அதுக்குப் பாளை கிடையாது, கொண்டைக்குக் கீழே தண்டைச் சீவி எடுப்பார்கள். தித்திப்பு தூக்கலாக, வாயில் லேசாக இருக்கும். பனை தையில் தொடங்கி வெயில் காலம் முழுக்க. தென்னை வருஷம் பூராவும். பெங்களூர்ப் பலகையில் இருந்த ஆறு ருசிக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அதே சாறு புளிக்காமல் பதநீர். தடவாவிட்டால் கள். இன்றைக்குச் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுண்ணாம்புதான்.

இந்தக் கோடு பழையது. பல்லவர், சோழர் செப்பேடுகளிலேயே 'ஈழம்பூட்சி' என்று கள்ளிறக்குவோர் மீது ஒரு வரி வருகிறது. தானம் கொடுத்த ஊரில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற நிபந்தனையும் வருகிறது.

எங்க பக்கத்துக் கதை இன்னும் வேடிக்கை. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அடுத்த வருஷமே சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கு அது வந்தது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். உலகப் போர் சமயத்தில் மதுவிலக்கு தளர்ந்து, 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1953-ல் சித்தூரோடு நாங்கள் ஆந்திர மாநிலத்துக்குப் போனோம். அடுத்த வருஷமே அங்கே பிரகாசம் அரசு மதுவிலக்குப் பிரச்சினையில் ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அப்போது எல்லைக்கு இரண்டு பக்கமும் கள் கிடையாது. பிறகு ஆந்திராவில் திறந்தார்கள். இங்கே 1971-ல் திறந்து, 1974-க்குள் மூடி, 1981-ல் மறுபடி திறந்து, 1987 ஜனவரி 1-ல் மூடியதுதான் கடைசி. டாஸ்மாக் 1983-லேயே வந்துவிட்டது. 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில்தான்.

எங்க பாட்டி இருந்தால் இந்தக் கட்டுரைக்கு என்னைத் திட்டியிருப்பாள். தாத்தா கள்ளுக்கடைக் கடனுக்கு ஒரு கழனியையே எழுதிக் கொடுத்தவர். "கடை மூடுன அன்னைக்குத்தான்டா என் அடுப்புல உலை கொதிச்சுது" என்பாள். அதை நான் மறுக்க முடியாது. ஆந்திரா, தெலங்கானா பக்கம் மயக்க மருந்து கலந்த கள்ளைக் குடித்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தியும் படிக்கிறோம். அதனால் கள் அமுதம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் 1987-க்கு அப்புறம் பாட்டி பயந்த குடி நிற்கவில்லை, மரத்திலிருந்து பாட்டிலுக்கு மாறியது. நின்றது பெரியவரின் வேலை மட்டும். ஒரு வருஷம் பதநீர் இறக்கிப் பார்த்தார், கட்டவில்லை. செங்கல் சூளைக்குப் போனார். ஏறாத பனைகளும் பின்னாலேயே சூளைக்கு விறகாகப் போயின. இப்போது பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்கிறார்கள். நல்லதுதான். ஏறத் தெரிந்தவர் எங்க தெருவில் ஒருத்தரும் இல்லை.

இந்தத் தையில் நகரியைத் தாண்டி ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது ஈச்சங்கள்ளும் பனங்கள்ளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தேன். நாற்பது வருஷம் கழித்தும் கண்ணை மூடிக்கொண்டே எது எதுவென்று சொல்ல முடிந்தது. அக்கா பையனுக்கு ஸ்டவுட்டும் ஏலும் தெரியும், இது தெரியாது. தப்பு அவனுடையது இல்லை. தெரிந்துகொள்ள மணவூரில் அவனுக்கு வழி இல்லை.

நீங்கள் அரக்கோணம் ரயிலில் போகும்போது கடம்பத்தூர் தாண்டினால் ஜன்னல் வழியே பாருங்கள். மிச்சம் இருக்கிற பனைகள் தெரியும். அதில் எது ஆண், எது பெண் என்று பக்கத்தில் இருக்கும் வயசானவரைக் கேளுங்கள். சொல்லத் தெரிந்த ஆள் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.