வசிப்பிடம் எது? நகரத்தாரின் கடல்கடந்த கணக்குகளும் இந்திய வருமான வரியும் (1922–1950)

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கடல்கடந்த வணிகம் குறித்த ஆய்வுகள் வட்டி, நிலவுடைமை, அறக்கொடை ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. கொழும்பிலும் பினாங்கிலும் எழுதப்பட்ட பேரேடுகளை இந்திய வருமான வரி அலுவலர் கேட்டுப் பார்க்கும் நிலை எவ்வாறு உருவாயிற்று என்ற வினா ஒப்பீட்டளவில் குறைவான கவனத்தையே பெற்றுள்ளது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திற்கும் 1950ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்கும் இடைப்பட்ட காலத்தை எடுத்துக்கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

நகரத்தார் கடைகளின் அமைப்பை முதலில் நினைவுகொள்ள வேண்டும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை ஏஜெண்டு நடத்துவார். ஏஜெண்டு பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சென்று, கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார். சிட்டையும் பேரேடும் கடையில் இருக்க, கணக்கு விவரங்களும் ஐந்தொகையும் ஊருக்கு வந்து சேரும். கடையை அடையாளப்படுத்துவது குடும்பத்தின் 'விலாசம்' எனப்படும் எழுத்துக்கோவை. ஆகவே தொழில் ஓரிடத்திலும், அதனை நடத்தும் மூளை வேறோர் இடத்திலும் இருப்பது இவ்வணிகத்தின் இயல்பு. இந்த இயல்பே பின்னாளில் வரிச் சிக்கலின் மையமாயிற்று.

1922ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு வணிக இலாபத்தை நேரடியாகத் தொடவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் வசிப்பவர் வெளியே ஈட்டிய வணிக இலாபம், ஈட்டிய ஆண்டின் முடிவிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் உள்ளே கொண்டுவரப்பட்டால் மட்டுமே 4(2)ஆம் பிரிவின்கீழ் வரிக்கு உட்பட்டது. எனவே அலுவலரின் கேள்வி எளியது: ஊருக்கு வந்த பணம் இலாபமா, முதலா? முதல் என்று சொல்வது வணிகருக்கு ஆதாயம். ஆனால் ஒரே விலாசத்தின்கீழ் முதலும் வட்டியும் கலந்து புரளும் கணக்கில் அதனை மெய்ப்பிப்பது கடினம். கணக்குகளைக் காட்டுமாறு 22(4)ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வரும். காட்டத் தவறினால் 23(4)ஆம் பிரிவின்படி அலுவலர் தம் மதிப்பீட்டின்படியே வரி விதிப்பார். பேரேடு இரங்கூனிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறது என்பது போதிய மறுமொழியாகாது.

இவ்விடத்தில் பர்மாவின் நிலை தனியானது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம். அதுவரை இரங்கூன் கடையின் வருமானம் உள்நாட்டு வருமானமே. பர்மா மாகாண வங்கியியல் விசாரணைக் குழு (1929–30) அங்கு நகரத்தார் ஈடுபடுத்தியிருந்த மூலதனத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அத்தகைய தொகை சார்ந்த கணக்குகள் ஒரே நாளில் 'வெளிநாட்டுக் கணக்குகள்' ஆயின. கடை இருந்த தெரு மாறவில்லை, கணக்கெழுதிய கையும் மாறவில்லை. இதற்கிடையில் இலங்கை 1932இலேயே தன் சொந்த வருமான வரியைக் கொண்டுவந்திருந்தது. ஒரே இலாபத்திற்கு இரு அரசுகள் உரிமை கோருவது அதன்பின் வணிகரின் அன்றாடக் கவலைகளுள் ஒன்றாயிற்று.

பெருந்திருப்பம் 1939ஆம் ஆண்டின் 7ஆவது சட்டம். 1936ஆம் ஆண்டு வருமான வரி விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த இத்திருத்தம், பணம் ஊருக்கு வந்ததா என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. 'வசிப்பவர்' ஒருவருக்கு உலகின் எப்பகுதியில் வருமானம் தோன்றினும், அது தோன்றிய ஆண்டிலேயே வரிக்கு உட்பட்டது. ஊருக்குக் கொண்டுவராத வெளிநாட்டு வருமானத்தில் 4,500 ரூபாய் வரை விலக்களிக்கப்பட்டது. 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிக்காதவர்' என்ற இடைநிலை வகையும் அப்போதுதான் பிறந்தது.

தனிநபர் வசிப்பவராவதற்கு 182 நாள் தங்கியிருக்க வேண்டும் என்பதே பலரும் அறிந்த விதி. அதனினும் கூர்மையான விதி ஒன்று அதே பிரிவில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 182 நாள் தமக்கென ஒரு வீடு பராமரிக்கப்பட்டு, அவ்வாண்டில் எத்தனை குறுகிய காலமேனும் அவர் வந்து சென்றால் அவரும் வசிப்பவரே. திருமணம், படைப்பு, கோயில் திருப்பணி என ஊர் வீட்டை மையமாகக் கொண்டு வாழும் சமூகத்திற்கு இவ்விதி எத்தகைய பொருளுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்துள் அமைந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் வரி எல்லைக்கு வெளியே இருந்தது. ஆகவே சில மைல் இடைவெளியில் அமைந்த இரு வீடுகள் சட்டத்தின் பார்வையில் இரு வேறு உலகங்களாயின.

இந்துக் கூட்டுக்குடும்பத்திற்கான விதி வேறு. அதன் 'கட்டுப்பாடும் நிர்வாகமும் முழுவதும்' வெளியே அமைந்தாலொழிய அது இங்கு வசிப்பதாகவே கொள்ளப்படும். இவ்விதியைச் சோதித்த முதன்மையான வழக்கு சுப்பய்ய செட்டியார் எதிர் சென்னை வருமான வரி ஆணையர். குடும்பத் தலைவர் மனைவி, மகன், மூன்று மகள்களுடன் இலங்கையில் வாழ்ந்து கொழும்பில் தொழில் நடத்தினார். கானாடுகாத்தானில் அவருடைய தாயார் வசித்த வீடு இருந்தது. இந்தியாவில் நிலமும் முதலீடுகளும் இருந்தன. 1941–42 கணக்காண்டில் அவர் ஏழு முறை வந்து, மொத்தம் 101 நாள் தங்கினார். நில வழக்குகளையும் வருமான வரி நடவடிக்கைகளையும் கவனித்தார். 1942 பிப்ரவரி 25 அன்று இங்கு இரண்டு கூட்டு நிறுவனங்களையும் தொடங்கினார். சிங்கப்பூர் வீழ்ந்தது அதே பிப்ரவரி 15 அன்று. கடல்கடந்த வணிகர் பலரும் ஊர்ப்பக்கம் ஒரு காலை ஊன்றிக்கொள்ள எண்ணியிருக்கக்கூடிய வேளை அது. இது இக்கட்டுரையாளரின் ஊகமேயன்றி வழக்கின் பொருளன்று.

1950 டிசம்பரில் நீதியரசர் ஃபசல் அலி வழங்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கட்டுப்பாடு என்பது தொழிலின் தலையும் மூளையுமாகிய இயக்கும் ஆற்றல் என்று விளக்கியது. 'முழுவதும்' என்ற சொல்லிலிருந்தே, ஒரு குடும்பத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வசிப்பிடம் இருக்கலாம் என்றும் அது கொண்டது. வெளியே இருந்தே எல்லாம் நடந்தன என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குடும்பத்தின்மீது வைக்கப்பட்டது. மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று.

தீர்ப்பின் கோட்பாட்டைவிட அதன் சான்றியல் பகுதியே வரலாற்றாய்வாளருக்கு முதன்மையானது என்பது என் கருத்து. தாயார் இருந்த வீடோ, 101 நாள் தங்கலோ தனித்து முடிவைத் தீர்மானிக்கவில்லை. இந்திய விவகாரங்களும் வழக்கமாகக் கொழும்பிலிருந்தே நடத்தப்பட்டன என்று காட்டியிருக்கக்கூடிய கடிதப் போக்குவரத்து அலுவலர்முன் வைக்கப்படவில்லை. அதுவே குடும்பத்திற்கு எதிராக நின்றது. உறவினருக்கும் ஏஜெண்டுக்கும் எழுதப்படும் கடிதம், வணிகத்தின் அந்தரங்கம். வேண்டிய, வேண்டாத செய்திகள் அனைத்தும் அதில் கலந்திருக்கும். அதனை அரசிடம் ஒப்படைத்தால்தான் 'வெளியே வசிப்பவர்' என்ற தகுதி கிட்டும் என்னும் நிலையை இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது.

'முழுவதும் வெளியே' என்ற அச்சொற்கோவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2)ஆம் பிரிவில் ஏறத்தாழ அப்படியே இடம்பெற்றது. 1939இல் பிறந்த 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற வகையும் தொடர்ந்தது. வெளிப்படுத்தப்படாத வெளிநாட்டு வருமானம், சொத்துகள் குறித்து 2015இல் இயற்றப்பட்ட கறுப்புப் பணச் சட்டம், வெளிநாட்டுக் கணக்கை அறிவிக்கத் தவறுவோருக்குப் பத்து இலட்சம் ரூபாய் தண்டத்தொகை விதித்தபோது, அவ்வகையினரை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது.